தொங்கல் காம்பராவுல ஒளிச்சு வச்ச நீலப் பொடி

பேய் பிசாசுன்னா எனக்கு சிரிப்புதான் வரும் டீச்சர். காமன் கூத்துல பொம்பளைங்க சாமி வந்து ஆடுனா, நான் பின்னாடி நின்னு யாரு சீலை புதுசுன்னு பாத்துக்கிட்டு இருப்பேன், அதுக்கு மாமியாகிட்ட வாங்காத ஏச்சு இல்ல. இப்பவும் ஒண்டியா பீலிக்கு போயி தண்ணி எடுத்துட்டு வருவேன். நீங்க மூஞ்ச அப்படி வச்சிக்காதீங்க, முழுசா கேட்டுட்டு அப்புறம் கெழவிக்கு கிறுக்குன்னு சொல்லுங்க. இது ராத்திரி கதையும் இல்ல, பட்டப்பகல்ல நடந்தது.

அப்ப நாங்க யட்டவத்தைக்கு மேல ஒரு தோட்டத்துல இருந்தோம், ஒரே வரிசையா ஒட்டிக் கட்டுன எட்டு காம்பரா லயம், ஒரு காம்பராதான் ஒரு வீடு, எங்களது ஏழாவது. எட்டாவது, கடைசில இருக்குற தொங்கல் காம்பரா, பூட்டியே கெடக்கும். முந்தி அதுல அந்தோணி அண்ணன், லூர்து அக்கா, அவங்க மக செல்வி மூணு பேரும் இருந்தாங்க, வேதக்காரங்க, கிறிஸ்மஸ்ஸுக்கு கொக்கிஸ் பலகாரம் சுட்டா மொதத் தட்டு எனக்குத்தான் வரும். என் மகன் சுதாகர் கைப்புள்ளையா இருந்தப்ப ஒரு அடைமழை, பத்து நாளா விடல. குளிருக்கு மண்ணெண்ண டின்னுல கரிய மூட்டி, சன்னலுக்கு சாக்கு அடைச்சி படுத்திருக்காங்க. காலையில பிரட்டுக்கு, வேலைக்கு பேரு குடுக்குற எடத்துக்கு, வரலையேன்னு கதவ உடைச்சா மூணு பேருமே போயிட்டாங்க. கரிப்புகை அடிச்சிருச்சி. அதுக்குப் பொறகு அந்தக் காம்பராவ யாருக்குக் குடுத்தாலும் வாணான்னுட்டாங்க.

இனி சுதாகர் கதை. அவன் படிச்சு கெம்பஸ் போயிட்டான் டீச்சர், எங்க லயத்துல மொத ஆளு, பேரு வந்த அன்னைக்கு நான் பாதி தோட்டத்துக்கு டீ ஊத்துனேன். கடைசி சண்டை நடந்த காலம் அது. ஒரு நாளு பேக்கும் கையுமா வந்து நிக்கிறான், பேக்குக்குள்ள துணிக்கு நடுவுல ஒரு குட்டி போத்தலு, மெழுகு போட்டு அடைச்சது, உள்ள நல்ல கடுநீலப் பொடி. ஆமிக்காரங்க போர்டிங்கெல்லாம் சோதிக்கிறாங்க, தமிழ்ப் பையன் கையில பொடிய கண்டா என்னா ஏதுன்னு கேக்காமலே ஏத்திக்கிட்டு போயிடுவாங்கன்னு பயந்து ஓடி வந்திருக்கான். வர்ற வழியில எத்தன செக்பாயிண்டு, பயந்தவன் அத கையில எடுத்துக்கிட்டா வருவான், படிச்ச முட்டாளு!

"தூக்கி தண்ணி ஓடுற கான்ல கொட்டுடா"ன்னேன்.

"ஆறு மாசம் பாடுபட்டு செஞ்சதும்மா. இது போச்சின்னா என் டிகிரியும் போச்சி"ன்னு அழுவுறான்.

அப்படி என்னாதான் இருக்குன்னு கேட்டேன். "இந்த ஒரு சிட்டிகைக்குள்ள உலகத்துல உள்ள லயத்தையெல்லாம் விட கூட காம்பரா இருக்கும்மா. செம்பு தூணு, நடுவுல கம்பி, எல்லாம் வெறுங்காம்பரா. கரிப்புகையில வாசமில்லாத ஒரு விசக்காத்து இருக்கே, அத மட்டும் உள்ள விடும், மத்த காத்தெல்லாம் வெளிய நிக்கும். காலியா இருந்தா கடுநீலம், நெறஞ்சா வெளுத்துடும். சூடு காட்டுனா புடிச்சத திரும்ப விட்டுடும்."

"தொரைக்கு சொல்லிடாத. ஒரு காம்பராவுக்கு எட்டுப் பேருன்னு ஆளு போட்டுடுவாரு"ன்னேன். அழுதுகிட்டு இருந்தவன் சிரிச்சிட்டான்.

அன்னைக்கு மத்தியானமே கங்காணி சொல்லிட்டாரு, விடிஞ்சா லயத்துல ஆமி ரவுண்டப்புன்னு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. புள்ளையும் வேணும், புள்ள படிப்பும் வேணும். யாருக்கும் சொல்லாம, சுதாகருக்கும் சொல்லாம, போத்தல எடுத்துக்கிட்டு லயத்துக்குப் பின்னால போயி, தொங்கல் காம்பரா சன்னல் பலகைய நெம்பி, கைய விட்டு உள்ள செவுத்து தட்டுல வச்சிட்டேன். ஆளு போகாத எடம் அது ஒண்ணுதானே. எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல, சத்தியமா.

விடியக்காலையில வந்தாங்க. அரிசி டின்னக்கூட கவுத்து பாத்தாங்க. சுதாகர் ஐடென்டிய நாலு தரம் திருப்பித் திருப்பி பாத்தாங்க. அப்புறம் ஒரு ஆமிக்காரரு, சின்னப் பையன் மாதிரிதான், தொங்கல் காம்பராவ காட்டி யாரு இருக்கான்னு சிங்களத்துல கேட்டாரு. "கவுருத் நே மாத்தயா, யாருமே இல்ல"ன்னேன். பூட்ட உடைச்சி டோர்ச்ச அடிச்சிக்கிட்டு உள்ள போனாரு. வெளிய வந்தவரு கையில ஒண்ணும் இல்ல. நெத்திய அமுக்கிக்கிட்டு, தல இடிக்குதுன்னு சொல்லி கல்லுல குந்திட்டாரு. நான் இஞ்சி போட்டு பிளேன்டீ ஊத்திக் குடுத்தேன், பாவம், எந்தத் தாய் பெத்த புள்ளையோ. பத்து மணிக்கெல்லாம் போயிட்டாங்க.

போத்தல எடுத்தாந்து குடுத்தேன். சுதாகர் வாங்கிப் பாத்தவன் அப்படியே நின்னுட்டான். பொடி வெளுத்துப் போயிருந்திச்சி டீச்சர், வண்ணான் வெளுத்த மாதிரி. மெழுகு அப்படியே இருக்கு, ஒரு கீறல் இல்ல.

"எங்கம்மா வச்சீங்க?"

சொன்னேன். போத்தல வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். மெழுகுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், சூடு காட்டி காலி பண்ணி திரும்ப அடைச்சிடலாம்ன்னான். வெளிய மழை. நான் புகை போகட்டும்னு கதவ தெறந்து கல்லு முட்டு குடுத்து வச்சேன், இது நல்லா ஞாபகம் இருக்கு. சட்டியில மணலு போட்டு அடுப்புல வச்சி, மூடிய கழட்டிட்டு போத்தல மணலுல நட்டான். பொடி மெல்ல மெல்ல திரும்பக் கடுநீலமாச்சி. "போகுதும்மா, காலியாகுது"ன்னு சந்தோசமா சொன்னான்.

அடுப்பு நெருப்பு படுத்துக்கிச்சி. அணையல, படுத்துக்கிச்சி.

அப்ப மூச்சுச் சத்தம் கேட்டிச்சி. நம்புங்க நம்பாட்டி போங்க. ஆளு தூங்குற மூச்சு, ஒண்ணு கொறட்டையோட கனமா, ஒண்ணு மூக்கடைச்ச புள்ள விடுற மாதிரி சின்னதா. செவுத்துக்கு அந்தப் பக்கம் இல்ல டீச்சர், எனக்கும் சுதாகருக்கும் நடுவுல. மொதல்ல சின்னது நின்னுச்சி. அப்புறம் கொறட்டை நின்னுச்சி. அப்பதான் மூணாவது ஒண்ணு இருக்குறது வெளங்கிச்சி, அது தூங்குற மூச்சு இல்ல, மலை ஏறி ஓடியாந்த ஆளு விடுற மாதிரி, இழுத்து இழுத்து.

திரும்பிப் பாக்குறேன், சுதாகர் தலை தொங்கி சாஞ்சி கெடக்கான். முட்டு குடுத்த கதவு மூடியிருக்கு. புள்ளைய சட்டையோட சேத்து புடிச்சி கதவு வரைக்கும் இழுத்தேன், கொண்டிய புடிச்சி இழுக்குறேன், வரல.

அப்ப என் கை மேல இன்னொரு கை வந்திச்சி.

கொழுந்து பறிக்கிற கை. வெரலெல்லாம் வெடிச்சி சொரசொரன்னு. தடவிப் பாக்காமலே தெரியும் எங்களுக்கு, நாங்களும் அந்தக் கைதானே. ஒரு இழுவ, கதவு தெறந்திச்சி, நானும் புள்ளையும் மழையில விழுந்தோம். திரும்பிப் பாத்தா வெறும் வீடு. அடுப்பு நல்லா எரியுது.

சுதாகர் அரை மணி நேரம் கழிச்சிதான் எந்திரிச்சான். சட்டியோட அத்தனையும் நான் பள்ளத்துல வீசுனேன். அவன் திரும்பப் போயி மொதல்ல இருந்து செஞ்சி பாஸ் பண்ணிட்டான், இப்ப படிப்பிக்கிறான், ரெண்டு பேரப்புள்ளைங்க, மூத்தது என்னைய மாதிரியே வாய். ஒரே ஒரு தடவதான் அவன் இதப் பத்தி பேசுனான். "அந்தப் பொடி முழுக்க நெறஞ்சி இருந்தாலும் ஒரு சோடா போத்தலு காத்துதாம்மா வரும். ஒரு காம்பரா முழுக்க பரவுனா அது ஒண்ணும் செய்யாது"ன்னான்.

லயத்து ஆளுங்க சொன்னாங்க, லூர்து அக்காதான் உன்னைய காப்பாத்த வந்தாங்கன்னு. கொஞ்ச நாளு நானும் அப்படித்தான் நெனச்சி பூ வச்சேன். ஆனா டீச்சர், அந்தக் கை எனக்கு ஒத்தாசைக்கு வந்த கை இல்ல. என் வெரல ஒண்ணொண்ணா பிச்சி எறிஞ்சிட்டு கொண்டிய தேடிச்சி. அவ வெளிய போகத்தான் இழுத்தா, அந்த அடைமழை ராத்திரியும் அப்படித்தான் இழுத்திருப்பா.

லூர்து அக்காவுக்கு ஒரு தங்கச்சி, ஞானம்னு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொண்டு வருவா, எங்க வீட்டுலதான் டீ குடிப்பா. எப்பவும் ஒரே கேள்வி: "அக்கா, பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க, அவங்க தூக்கத்துலதானே போனாங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"ஆமா தங்கச்சி, தூக்கத்துலதான்"ம்பேன். சீனி போதுமான்னு கேப்பேன். டீ கோப்பைய நீட்டுறப்ப அவ கைய மட்டும் தொடமாட்டேன்.