வெளிநாட்டிலிருந்து திறக்கப்பட்ட கணக்கு

2005 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. அடிவாரத்தில் பனி இன்னும் கலையவில்லை. அதே நிமிடம் டொராண்டோவில் திங்கட்கிழமை, இரவு பதினொன்று ஐம்பது. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது என்று மகன் முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தான். நான் திருவண்ணாமலையில் செங்கம் சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஆசிரமம் சார்? ட்வென்ட்டி ருபீஸ் ஒன்லி" என்றது. வேண்டாம் என்று தமிழில் சொன்னேன். ஓட்டுநர் கொஞ்சம் ஏமாந்த முகத்தோடு, "தமிழுங்களா? பாத்தா அப்படித் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு வந்த ஒன்பது நாட்களில் என்னை ஆங்கிலத்தில் கூப்பிட்டவர்களில் அவர் ஏழாவது ஆள். என் காலில் இருந்த ஷூவைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மறுநாள் செருப்புக்கு மாறினேன். அப்புறமும் கூப்பிட்டார்கள்.

1989இல் ஐம்பத்தொரு வயதில், மகன் அழைத்ததன் பேரில் மனைவியோடு இங்கிருந்து புறப்பட்டேன். அந்த வருடம்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரித்து எங்கள் ஊரை மாவட்டத் தலைநகராக்கினார்கள். என் பழைய விலாசத்தில் இருந்த மாவட்டமே இல்லாமல் போனது. கருவூலத்தில் கணக்கு எழுதிய நான் ஸ்கார்பரோவில் ஒரு கிடங்கில் பன்னிரண்டு வருடம் பெட்டிகளை எண்ணினேன். அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கடிதங்கள். வங்கியானாலும் நகராட்சியானாலும், மேலே சின்னம், ஓரத்தில் எண், சொன்ன தேதிக்குள் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரு வரி. அந்தக் கடிதங்கள் சொன்னபடியெல்லாம் செய்தேன், பதினைந்து வருடத்தில் ஒரு தரம்கூட நஷ்டப்படவில்லை. ஊருக்கு வந்தால் மட்டும் கடவுச்சீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவேன். இந்த முறையும் அப்படித்தான். கோபுர வாசலில் எனக்கு தோஷம் இருப்பதாகச் சொன்னவனை, பஸ் நிலையத்தில் பையைத் தூக்க வந்தவனை, விபூதித் தட்டு நீட்டியவனை எல்லாம் விலக்கிவிட்டேன். விலக்கியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த முறை வந்ததற்குக் காரணம் ஒரு மனை. மனைவி போனபின் மகன் வீட்டின் கீழ்த்தள அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், இரண்டாயிரத்து நானூறு சதுர அடியைத் தங்கை கணவர் ஏழுமலை பார்த்து வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்பவர். மனைக்காரரிடம் டோக்கன் பத்தாயிரம் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சம் முன்பணம் தராவிட்டால் டோக்கன் திரும்பாது, மனை வேறு ஆளுக்கு. அந்தப் பணம் டொராண்டோ வங்கிக் கணக்கில் இருந்தது. அதை அனுப்பிவைக்கத்தான் அன்று காலை தனலட்சுமியின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

கணினியில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்ததும் வங்கியின் கடிதம் முதலில் நின்றது. அதே பச்சைச் சின்னம். 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கணக்கு வெளிநாட்டிலிருந்து திறக்கப்பட்டுள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.' திறந்தது நான்தானே. இதே நாற்காலியிலிருந்து வியாழக்கிழமை ஒரு தரம், சனிக்கிழமை ஒரு தரம் இருப்பு பார்த்திருந்தேன். வங்கி அதைக் கண்டுபிடித்துவிட்டதே என்ற வியப்பும், நான் பிறந்த ஊரை வெளிநாடு என்கிறானே என்ற வருத்தமும் ஒன்றாக வந்தன. கடிதத்தில் நீலத்தில் கோடிட்ட வரியை அழுத்தினேன். ஒரு படிவம் வந்தது. அட்டை எண், கடவுச்சொல், பிறந்த தேதி, தாயின் பெயர். மேலே முகவரிக் கட்டத்தில் வங்கியின் பெயருக்குப் பதிலாக நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். எண்களாக இருந்ததால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடிக்கும்போது விசைப்பலகையைத் துண்டால் மூடிக்கொண்டேன். தனலட்சுமி பார்த்துவிட்டு, "நான் அந்தாண்ட திரும்பிக்கினேன், நீங்க அடிங்கய்யா. துண்டப் போட்டா எழுத்து தப்பா வுழுந்துடும்" என்றார். பக்கத்து இருக்கையில் மார்த்தா என்ற ஜெர்மன்காரர் இருந்தார். ஆசிரமத்துக்கு அருகே பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறவர், பருத்திச் சேலை, கையில் கீரைக்கட்டு. அவருக்கும் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைசிக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பினேன். 'நன்றி' என்று வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று மார்த்தாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன், எங்கள் வங்கி எவ்வளவு விழிப்பாக இருக்கிறது பாருங்கள் என்று. அவர் எட்டிப் பார்த்தார். பச்சைச் சின்னத்தைக் கண்டதும் தமிழில் பதில் சொன்னார்.

"இதுவா? எனக்கும் வந்துச்சுங்க. ரெண்டு வாட்டி."

"நீங்களும் அங்கே கணக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கனடாவுல எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. நான் அந்தப் பக்கம் போனதே இல்ல. அதான் சிரிச்சிட்டு அழிச்சிட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க எழுதிட்டீங்களா?" என்றார்.

தோஷம் இருக்கிறது என்று வாசலில் நின்று போகிற வருகிற எல்லோரிடமும் ஒருவன் சொன்னால், ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கும் யாரோ ஒருவர் நிற்பார். அந்தக் கடிதமும் எல்லோருக்கும் போயிருந்தது. அவர்களில் வெளிநாட்டில் உட்கார்ந்து கணக்கைத் திறந்தவனாக நான் இருந்தேன், நின்றுவிட்டேன்.

அதே கடையின் ஐ.எஸ்.டி. பெட்டிக்குள் போய், என் அட்டையின் பின்பக்கம் இருந்த எண்ணை அழைத்தேன். முப்பத்தொன்பது நிமிடம், அதில் பாதி வெறும் இசை. கண்ணாடிக்கு வெளியே தனலட்சுமி யாரையும் உள்ளே விடாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் வந்த பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது. இரண்டாயிரத்து நூற்றைம்பது டாலர் சற்று முன் வெளியேறியிருக்கிறது, மீதியை நிறுத்திவிட்டோம் என்றது. வாடிக்கையாளர் தன் கையால் கொடுத்த விவரத்துக்கு வங்கி பொறுப்பேற்பது கடினம் என்றது. எந்த வங்கியும் கடிதத்தில் கடவுச்சொல்லைக் கேட்காது என்றும் சொன்னது. கணக்கைத் திரும்பத் திறக்க இரண்டு அடையாளச் சான்றுகளோடு கிளைக்கு நேரில் வர வேண்டும். "உங்கள் பயணம் எப்போது முடிகிறது, சார்?" நான் பயணத்தில் இல்லை, இங்கே தங்குவதற்காக மனை வாங்க வந்திருக்கிறேன் என்றேன். விடுமுறையை நன்றாகக் கழியுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் வைத்துவிட்டது.

மதியம் ஏழுமலை வந்தார். முழுவதும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தவர் போடாமலே கையில் வைத்திருந்தார்.

"ஏன் மச்சான், போன வாரம் மனைக்காரருக்குத் தர்றதுக்கு நாலு பேப்பர் கேட்டேன். எதுக்கு, என்னாத்துக்குனு ரெண்டு நாளு கேட்டீங்க. அம்மா பேரு வரைக்கும் எழுதிக் குடுத்திருக்கீங்க அவனுக்கு."

"சின்னம் இருந்தது மாப்ள."

"எங்கிட்ட சின்னம் இல்ல, அதான் ஜாஸ்தி கேள்வி." சிரிக்கவில்லை. வெற்றிலையைத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டு, "மல்லாட்ட வித்த காசு அறுவதாயிரம் இருக்குது. குடுத்து வெள்ளிக்கிழமைய தள்ளிக் கேட்டுப் பாப்பமா?" என்றார். கேட்டுப் பார்த்தோம். மனைக்காரர் நல்ல மனிதர்தான், மோர் கொடுத்தார். பெங்களூர் பார்ட்டி முழுப் பணத்தோடு நிற்கிறது, எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்குதுங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குப் பயணத் தேதியை மாற்றிக்கொண்டேன். பயணத்தில் இல்லை என்று சொன்னவன் ஐந்து வாரம் முன்னதாகவே திரும்பினேன்.

என்னைப் போல இரண்டு ஊரில் கால் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இருந்தாலும் அதில் உள்ள வரியை அழுத்த வேண்டாம், வங்கியின் முகவரியை நீங்களே அடித்துப் போங்கள், இல்லாவிட்டால் அட்டையில் உள்ள எண்ணை அழையுங்கள். அவசரப்படுத்தும் கடிதத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். எனக்கு அந்த இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரிடமிருந்தும் துண்டால் மூடிக்கொண்டேன்.

இப்போது குளிர்காலக் காலைகளில் ஸ்கார்பரோவின் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் நடக்கிறேன். கடைகள் திறக்கும் முன் முதியவர்களை உள்ளே விடுகிறார்கள். கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். இங்கே இருபது சுற்று வந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும், ஐந்து சுற்றில் கால் நின்றுவிடுகிறது. சுற்றும்போது என்னையறியாமல், மலை இருக்க வேண்டிய வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே நகரும் படிக்கட்டுதான் இருக்கிறது, யாரும் ஏறாமல் தானாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. வங்கி கடைசிவரை திருப்பித் தராத பணம், விமான நாளை மாற்றிய இருநூற்று எழுபத்தைந்து டாலர், இரண்டையும் டாலருக்கு முப்பத்தாறு என்று மாற்றி, திரும்பாத டோக்கன் பத்தாயிரத்தையும் தொலைபேசிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்தேன். இந்த வழியில் போனது தொண்ணூற்றேழாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.