பத்து வரியையும் அடித்துவிட்ட பெண்ணைப் பார்க்க உடையார்பாளையம் போனேன்

பெரம்பலூரில் தங்கி உளவியலில் ஆய்வு செய்கிறேன். 'நான் யார்' என்பதற்கு இருபதுகளில் இருப்பவர்கள் எப்படிப் பதில் தேடுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. 'நான்' என்று தொடங்கும் பத்து வரிகளை நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருந்தேன். கலா (பெயரை மாற்றியிருக்கிறேன்) பத்தையும் எழுதி, பத்தையும் அடித்துவிட்டுக் கொடுத்திருந்தாள். செல்லாத படிவம், ஒதுக்கிவிடு என்றார் என் வழிகாட்டி. மனசு கேட்கவில்லை. போன மாசியில் ஒரு சனிக்கிழமை, அவளிடம் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை 7.40க்கு அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போகும் பாதை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூசியில் தலை நரைத்துவிடும். அரியலூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு 9.15க்கு ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தேன். உடையார்பாளையம் ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்த கண்டக்டர், "கணக்கெடுக்க வந்தீங்களா?" என்றார். "ஒரு பொண்ணப் பார்த்துப் பேசணும்ங்க" என்றேன். "மாப்ள வூடா?" என்று சிரித்தார்.

ஸ்டாப்பில் கலா வண்டியோடு நின்றாள். வயது இருபத்தைந்து, அப்பா முந்திரி விவசாயி. வீட்டில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"இன்னார் பொண்ணு, இன்னார் தங்கச்சி, பரீட்சைக்குப் படிக்கிறவன்னு எழுதினேங்க. எல்லாம் மத்தவங்க என்னைச் சொல்றது. அதான் அடிச்சுட்டேன்."

அரசு வேலைப் பரீட்சை அப்பாவின் ஆசை. மூன்று முறை எழுதிவிட்டாள். பெரியவர்கள் எடுத்த முடிவை அப்படியே தன் முடிவாக ஏற்றுக்கொண்டவர்களை ஆய்வில் நிறையப் பார்க்கிறேன். வெளியே அமைதியாகத் தெரிவார்கள். அந்த முடிவு ஆட்டம் கண்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்காது. ஆனால் கலா வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்: "எட்டு மாசமா ஜெயங்கொண்டத்துல ஒரு கடையில மோட்டாருக்குக் காயில் கட்டக் கத்துக்கிறேன், செம்புக் கம்பியச் சுத்தி வார்னிஷ் ஊத்துற வேலை. வூட்ல லைப்ரரின்னு சொல்லிட்டுப் போறேன்."

அப்போது அவள் அப்பா டீயோடு வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, எம்பொண்ணு பாஸா?"

நான் பதில் சொல்வதற்குள் கலா எழுந்துவிட்டாள். "அப்பா, நான் இனிமே பரீட்சை எழுதல. காயில் கட்டுற வேலைக்குப் போறேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். மகளிடம் திரும்பினார்.

"லைப்ரரில ஏது வார்னிஷ் வாடைன்னு ஆறு மாசமா யோசிச்சேன்" என்றார். "கொல்லையில மோட்டாரு எரிஞ்சு கெடக்கு. அதக் கழட்டு, பாப்போம்."

கலா அழுதாள், சிரித்தாள், ஸ்பேனரைத் தேடினாள். கிளம்பும்போது புதுப் படிவம் ஒன்றை நீட்டினேன். "இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கேன், அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் வழிநெடுக நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். இரண்டு தடவை தப்பாகக் கட்டி, மூன்றாவது தடவை மோட்டார் ஓடிவிட்டதாம்.

இப்படிப் பேட்டிக்குப் போகிறவர்களுக்கு: மதிய வெயிலுக்குமுன் போய்ச் சேருங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். முக்கியமாக, தனியாகப் பேச ஓர் இடத்தை முன்பே கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை. அன்று நல்லபடியாக முடிந்தது, அந்த அப்பாவால்.