பால்குடத்தைப் பயங்காட்டிய காளி

அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த வாசம் எங்காவது அடித்தால் போதும், அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்து மராட்டி ஊரான கட்கியும் அதன் ஆடி மாதமும் எனக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

எங்கள் லைன் வீடுகளில் தினம் புழங்கிய சொல் ‘பயங்காட்டு’. வடகம் காய்ந்தால் காக்கையைப் ‘பயங்காட்ட’ வேண்டும், சோறு உண்ணாத பிள்ளையைப் ‘பயங்காட்ட’ வேண்டும். ஆடிக் கடைசி வெள்ளியில் மட்டும் அந்தச் சொல்லுக்குக் கை கால் முளைத்துவிடும். பக்கத்து வீட்டு முனுசாமி மாமா முகமெல்லாம் கரி பூசி, காளி வேஷம் கட்டி, பால்குடங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவார். வழியில் நிற்கும் கெட்டதைப் பயங்காட்டி ஓட்டுவது அவர் பொறுப்பு. “கெட்டதுக்குத்தாண்டி பயங்காட்டுறாரு, உனக்கில்ல” என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். கேட்டால்தானே?

தம்பிக்கு அம்மை கண்டபோது, பிழைத்து எழுந்தால் என்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டான். ஆனால் அந்த ஆடியில் மாமா திரும்பி ஒரு உறுமல் உறுமியதும் நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்; பாலெல்லாம் ரோட்டில். வேண்டுதல் நிறைவேறவில்லையே என்று, தம்பி ஒரு தும்மல் போட்டாலும் அம்மா அழுவாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுவருஷம் மறுபடி குடம் எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் காளி திரும்பியது. சூலத்தை ஓங்கி, நாக்கைத் துருத்தி, என் முகத்துக்கு நேரே உறுமியது. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வடாபாவ் கடைக்கார மராட்டி அம்மா “காபரு நகோ, போரி” என்று, பயப்படாதே பெண்ணே என்று, அவர்கள் பாஷையில் சொன்னது காதில் விழுந்தது. எனக்குத் தம்பி முகம்தான் தெரிந்தது.

“தள்ளுங்க மாமா, பால் சிந்திடும்” என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. காளி சிரித்தேவிட்டது. பிறகு மாமா சூலத்தைத் தாழ்த்தி, கூட்டத்தைப் பார்த்து, “வழி விடுங்கடா, ஆத்தா வருது” என்றார். ஒரு சொட்டுச் சிந்தாமல் அம்மனுக்கு ஊற்றினேன்.

இன்று அந்த லைன் வீடுகள் இல்லை, மாமாவும் இல்லை, வேஷம் கட்ட ஆளும் இல்லை. இப்போது குடியிருக்கும் நிக்டியிலிருந்து காரில் கோயிலுக்குப் போய், பால் பாக்கெட்டைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். தம்பி சாகண் தொழிற்சாலையில் போர்மேன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் தலை நரைத்துப்போய் என் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், இவனுக்காக நான் காளியையே தள்ளி நிற்கச் சொன்னவள் என்று எனக்குள் ஒரு மிதப்பு. ஆத்தா பொறுத்துக்கொள்வாள்.