அப்பாவின் போர்வைக்குள் ஒரு வைன் போத்தல்

"இந்தப் போத்தல் உங்கட வீட்டுக்கு முழுசாப் போய்ச் சேருமா, தங்கச்சி?"

கற்பிட்டியில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் பார் பொறுப்பாளர் அப்படிக் கேட்டார். என் அப்பாவை அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அப்பா தலவில தேவாலயத் திருவிழாவில் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்து குடியை விட்டு மூன்று வருடமாகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

வைன் அம்மாவுக்கு. அவருக்கு ஐம்பது வயது வரவிருந்தது. சாராய மணமே ஆகாத அம்மா, நத்தார் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் கேக்கோடு தரும் சின்னக் கிளாஸ் வைனை மட்டும் மறுக்க மாட்டார். பிறந்தநாள் என்று அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அதனால் நல்ல பழைய வைனாகக் கொடுக்க நினைத்தேன். அம்மா பிறந்த வருடத்துப் போத்தலின் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். நான் சாதாரண தரப் பரீட்சை, அதாவது ஓ.எல்., எழுதிய வருடத்துப் போத்தல் என் சம்பளத்துக்கு எட்டியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வருடம் அம்மாவுக்கும் சொந்தம்தான்.

ஹோட்டல் பாருக்குப் போத்தல்கள் எடுக்கும் ஓடரோடு அதையும் எடுப்பித்தேன். தக்கை காயாமலிருக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று பாரில் சொன்னார்கள். அலுமாரியின் அடித்தட்டில், அப்பாவின் போர்வைக்குள் படுக்கவைத்தேன். முன்பு அப்பா போத்தல் ஒளித்த இடமும் அதுதான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறந்தநாளுக்கு முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா குசினியில் போத்தலோடு நின்றார். அப்பா கதிரையில் தலை குனிந்திருந்தார்.

"அன்னம்மா மேல ஆணையா எனக்குத் தெரியாது."

"தெரியாதாம். அது தானா நடந்து வந்து உங்கட போர்வைக்குள்ள படுத்திச்சாக்கும்."

"என்ட போத்தலெண்டா இவ்வளவு நேரம் நிறைஞ்சா இருக்கும்?"

"பகிடி விடாதீங்க. விடிஞ்சதும் நானும் மகளும் தங்கச்சி வீட்ட போறம். நீங்களும் உங்கட போத்தலும் இருங்க."

மூன்று வருடமாக அவர் காப்பாற்றிய சொல் என்னால் கெட்டுவிட்டதே என்று அவசரமாக உள்ளே போனேன்.

"அம்மா, அது நான் வாங்கினது. உங்களுக்குத்தான்."

"வந்துட்டா, அப்பாவுக்குப் பரிஞ்சு பேச."

போத்தலை வாங்கிப் பார்த்தேன். தக்கையின் மேற்பகுதி மீன் கத்தியால் குத்துப்பட்டுக் கந்தலாகியிருந்தது. வீட்டில் அகப்படும் போத்தலைத் தென்னையடியில் கவிழ்ப்பது அம்மாவின் வழக்கம். திருகினால் திறக்கும் சாராயப் போத்தல்தான் அவருக்குப் பழக்கம். இதைத் திறக்க முடியாமல் விட்டிருக்கிறார்.

லேபிளை வாசித்துக் காட்டினேன். திராட்சையின் பெயரும் நாட்டின் பெயரும் அம்மாவிடம் எடுபடவில்லை. வருடத்தைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும்.

"இது நீ ஓ.எல். எழுதின வருசமெல்லோ?"

"ஓம். நாளைக்கு உங்களுக்கு அம்பது."

அம்மா அந்த இலக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மகள்ட எண்டு சொல்லியிருக்கலாமே. அதுக்கேன் ஆணையும் சத்தியமும்?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் ஹோட்டலிலிருந்து தக்கை திருகியை இரவல் வாங்கி வந்து திறந்தேன். தூள் தூளாகத் தக்கை மிதந்தது. தேத்தண்ணி வடியில் வடித்துக் கொடுத்தேன். அப்பா சோடாக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

"நத்தார் வைன் மாதிரி இனிப்பில்ல," என்றார் அம்மா. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வருடம் அப்பாவுக்கு அறுபது. என்ன வேண்டும் என்று அம்மாவின் முன்னாலேயே கேட்டேன். மணிக்கூடு என்றார். போன சனிக்கிழமை இருவரையும் புத்தளத்துக்குக் கூட்டிப்போய், அப்பாவின் கைக்கு அளவு பார்த்து ஒன்றைச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.