டார்க்வா மறுக்கிறார்

குமாசியில் எங்கள் லாரி நிலையத்துக்கு எதிரே பங்சர் ஒட்டுகிற யாவ் டார்க்வா செத்துப்போய்விட்டதாக ஒருமுறை ஊரெல்லாம் பேச்சு. அதை வானொலிச் செய்தியாக எழுதியவன் நான்தான். எழுதிய அன்று காலையில் என் மோட்டார் சைக்கிளுக்கு அவர்தான் பங்சர் ஒட்டிக் கொடுத்திருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டார்க்வாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருஷமாக அதே இடம், அதே காற்றடிக்கிற இயந்திரம். டயரைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வேலை செய்வார். பத்து மணிக்குக் கென்கே என்கிற புளித்த மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் வந்துவிட்டால் அமைச்சரே காரோடு நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். இதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வெறி, சந்தைக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் கிடக்கும் பெரிய சாக்கடை. அதில் விழுந்தவர்கள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பாதிரியாரும் இரண்டு ஆடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

அந்தச் சாக்கடைக்கு மூடி போடத்தான் நகர்மன்ற உறுப்பினர் தேர்தலில் நின்றார். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர். இந்தத் தடவை ஜெயித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. எதிர்த்து நின்ற பாஃபோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வியாழன் காலையில் சுவரெல்லாம் டார்க்வாவின் மரண அறிவிப்புச் சுவரொட்டி. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் உடல் பிணவறைக்குப் போகுமுன் சுவரொட்டி சுவருக்கு வந்துவிடும். பெரிய படம், தங்க நிறச் சட்டம், மேலே ‘பேரதிர்ச்சி’ என்று கொட்டை எழுத்து. தேர்தல் சுவரொட்டியில் சிரித்த அதே சிரிப்பைத்தான் இதிலும் சிரித்தார் டார்க்வா. உயிரோடிருக்கிறவனுக்கு யார் இதை அச்சடிப்பார்கள்? அதனால் பார்த்தவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

டார்க்வாவுக்குக் கோபம் வேறொரு இடத்தில். “சாகடிச்சதைக்கூட விட்டுடறேன். வயசு எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கான் பாரு, படுபாவி!”

மதியத்துக்குள் துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்திய மூன்று பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று பந்தல் எங்கே என்று கேட்டார்கள். அவர் மனைவி செர்வா, “பந்தலும் இல்லே, ஒண்ணும் இல்லே. அவரு உள்ளே குளிச்சுக்கிட்டிருக்காரு” என்றாள்.

“பாவம்டி, அதிர்ச்சியில என்னென்னமோ பேசுது” என்று ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் வேலை பார்க்கிற வானொலி நிலையத்துக்கு ஓடி, ‘டார்க்வா உயிரோடு இருக்கிறார், சுவரொட்டி பொய்’ என்று எழுதிக்கொண்டு போனேன். காலை நிகழ்ச்சி நடத்துகிற பெடியாக்கோ அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

“உயிரோட இருக்காரு. இது ஒரு செய்தியாடா? ஊர்ல எல்லாரும்தான் உயிரோட இருக்காங்க. ரெண்டு பக்கத்தையும் போடு.”

போட்டேன். “தாம் இறந்துவிட்டதாகக் கூறப்படுவதை வேட்பாளர் டார்க்வா மறுக்கிறார்.” ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று எனக்குப் பெருமை வேறு. மடத்தனம்.

மறுநாள் காலையில் நேரடி விவாதம். ஒரு பக்கம் டார்க்வா. இன்னொரு பக்கம் பாஃபோரின் ஆள், டை கட்டிக்கொண்டு.

“நான் உயிரோடதான் இருக்கேன்” என்றார் டார்க்வா.

“அது அவரோட கருத்து. மதிக்கிறேன்” என்றான் டை கட்டியவன். “ஆனா இது வானொலி. நேயர்களுக்கு முகம் தெரியாது. குரல்ல யார் வேணா பேசலாம்.”

“டேய், நீ என் பக்கத்துலதானேடா உக்காந்திருக்கே!”

“அண்ணே, கோபப்படாதீங்க. அவரும் பேசி முடிக்கட்டும்” என்றார் பெடியாக்கோ. பிறகு நிபுணர் என்று ஓய்வுபெற்ற ஒரு செவிலியரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த அம்மா, இந்தக் குறிப்பிட்ட நபரைப் பற்றித் தனக்குத் தெரியாது, பொதுவாகச் செத்தவர்கள் பேசுவது குறைவு என்றார். கடைசியில் நேயர்களை அழைத்துக் கேட்டோம். உயிரோடு இருக்கிறார் என்றவர்கள் இருபத்துமூன்று பேர், இல்லை என்றவர்கள் பதினேழு பேர். “கடும் போட்டி!” என்று கத்தினார் பெடியாக்கோ.

வெளியே வந்ததும் டார்க்வா என் தோளைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார். “தம்பி, நான்தானே முன்னிலை?”

சுவரொட்டியை அச்சடித்தது யார் என்று நிகழ்ச்சி முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமைப் பத்திரிகையில் ‘டார்க்வா விவகாரம்: நீடிக்கும் சர்ச்சை’ என்று முதல் பக்கத்தில் வந்தது. அதை நாங்கள் வானொலியில் வாசித்தோம். பத்திரிகையிலேயே வந்துவிட்டது, விஷயம் இல்லாமலா என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாயன்று டார்க்வா பத்தொன்பது ஓட்டில் தோற்றார்.

புதன்கிழமை அவர் கடைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். டாக்சி ஓட்டுகிற அட்டா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டார்க்வா அவருடைய டயரைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“நல்ல மனுசன் டார்க்வா” என்று அட்டா என்னிடம் பெருமூச்சு விட்டார். “அவருக்குத்தான் குத்தலாம்னு இருந்தேன்.”

“குத்த வேண்டியதுதானே?”

“இருக்காரா இல்லையான்னே சர்ச்சையா இருக்கு. சந்தேகத்துல எதுக்கு ஓட்டை வீணாக்கணும்?”

டார்க்வா ட்யூபோடு நிமிர்ந்தார். தண்ணீர் சொட்டியது. “உன் டயருக்கு இப்ப யாருடா பங்சர் ஒட்டறது?”

“நீங்கதான் மாஸ்டர். நான் இல்லேங்கலையே. வானொலியில சொன்னதைச் சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டார்க்வா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அன்னிக்குக் காலையில உன் வண்டிக்கும் நான்தானே ஒட்டினேன்?”

“ஆமாண்ணே.”

“அப்ப நான் உயிரோட இருக்கேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்ணே.”

“அதை ஏன் அப்படியே சொல்லலே?”

“ஒரு பக்கமாப் பேசறேன்னு சொல்லிடுவாங்களோன்னு...”

எனக்கு அந்தச் சாக்கடையிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. பிறகு அவர் குனிந்து, ஓட்டை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி அட்டாவிடம் பசையை எடுத்துத் தரச் சொன்னார்.