அச்சு இடுக்கில் பீறிய அலுமினியம்

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு சின்ன வார்ப்புக் கம்பெனியில் எனக்கு வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். வானூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் உருகிய அலுமினியத்தைத் தொட்டியிலிருந்து கரண்டியில் மொண்டு மெஷின் குழலில் ஊற்றுவார். நான் பட்டனை அழுத்துவேன். பிஸ்டன் அதை மூடிய அச்சுக்குள் வேகமாகத் தள்ளும். உலோகம் இறுகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று ஓட்டை விழுந்துவிடும்.

அந்த வாரம் ஓட்டை அதிகம் என்று அழுத்தத்தைக் கூட்டியிருந்தார்கள். ஒரு மதியம் நான் பட்டனை அழுத்தியதும் அச்சின் இடுக்கிலிருந்து அலுமினியம் பீறியது. முந்தைய வார்ப்பின் துணுக்கு ஒன்று அச்சின் இரு பாதிகளுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு அச்சை முழுதாக மூட விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தடுப்பைத் தாண்டி வந்தது அக்காவின் முன்கையில் பட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப் போனேன். அக்கா அழவில்லை. வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கரண்டிய தொட்டிக்குள்ளயே வுட்டுட்டு வந்துட்டேன். யாராச்சும் எடுத்தாங்களா?"

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அக்கா கம்பெனிக் கதை கேட்பார். நான் கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல், கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பதில் சொல்வேன்.

காயம் ஆறி அக்கா திரும்பி வந்தபோது பேக்கிங் வேலை கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் நேராகப் போய்க் கரண்டியை எடுத்தார். மொண்டு ஊற்றினார். என் விரல் பட்டன் மேலேயே நின்றது.

"அமுக்கு. ஆறிக்கினு இருக்குது பாரு."

அழுத்த முடியவில்லை. அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து, என் கையை விலக்கித் தானே அழுத்தினார். அச்சு திறந்ததும் பொருளைப் பார்த்தோம். உலோகம் பாதியிலேயே உறைந்து அரைகுறையாக நின்றிருந்தது. அக்கா அதை உருக்கும் தொட்டியிலேயே திரும்பப் போட்டார்.

"பயமா இருந்தா இருக்கட்டும். அரத்தாண்ட போய் உக்காரு. நான் சொல்லிக்கிறேன்."

என்னைவிட அவருக்குத்தானே பயம் வந்திருக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அரம் இருந்த மேசைக்குப் போனேன்.

இப்போது வார்ப்புகளின் பிசிறை அரத்தால் தேய்க்கிறேன். பட்டனில் வேறொரு பெண் நிற்கிறாள். அந்தப் பக்கம் பிஸ்டன் இடிக்கும்போதெல்லாம் என் அரம் நின்றுவிடுகிறது. எட்டிப் பார்க்கிறேன். அக்கா அடுத்த கரண்டியை மொண்டுகொண்டிருக்கிறார்.