மாமாவுக்கும் ஒரு விசா

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர். நான் வாரம் முழுக்கச் சென்னையில் ஹாஸ்டலில் இருப்பேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரயிலேறித் திருப்பதிக்கு வருவேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் சித்தூர் மாவட்டத்தில் கங்காதர நெல்லூர் பக்கம், அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். ஊரில் முதலில் டிகிரி முடித்தவர் மாமாதான். திருப்பதிக் கடைத்தெருவில் அவரோடு நடந்தால் யாராவது ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு “நமஸ்தே சார்” என்பான். அவர் தலையை மட்டும் அசைப்பார். நாலடி தள்ளி வந்த பிறகு, அவன் எந்தப் பாடத்தில் திணறினான், எப்படித் தேறினான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வருவார்.

கம்பெனி எனக்கு விசா எடுக்கும். என்னைச் சார்ந்தவர் என்கிற கணக்கில் கணவருக்கும் ஒரு விசா கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் அங்கே எந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஆபீஸில் சொன்னதை அந்தச் சனிக்கிழமை மாமாவிடம் சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

“டியூஷன்கூட எடுக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“அதுவும் கூடாதாம் மாமா.”

சரி என்று அடுத்த பேப்பரை எடுத்தார். அதற்குப் பிறகு பல வாரங்கள் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனாலும் விசாவுக்காகச் சித்தூரில் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதான் என்று காட்டக் கல்யாண ஆல்பத்திலிருந்து போட்டோ பிரித்தெடுத்தோம். மாலைக்குள் முகம் புதைந்துபோன ஒரு படத்தைப் பார்த்து இருவரும் சிரித்தோம். அந்த மாதங்களில் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

விசா இன்டர்வியூவுக்குச் சென்னையில் தூதரக வாசலில் வெயிலில் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்றார். கணக்கு லெக்சரர் என்று மாமா சொன்னார். அங்கே போய் என்ன செய்வீர்கள்?

 நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, இவளோடு இருப்பேன் என்று இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி லேசாகச் சிரித்து, விசா குத்தித் தர இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயில் திருத்தணியைத் தாண்டியதும் மாமா சொன்னார்.

“அங்க சொன்னது பொய் இல்ல. ஆனா அத மட்டுமே பண்ணிக்கினு எத்தினி நாள் இருக்க முடியும்?”

“நீங்க வராட்டி நானும் போவல மாமா.”

“வேணாம். என்னால நீ போவலன்ற பழி எனக்கு வேணாம். நீ முன்னாடி போ. காலேஜ் லீவு உட்டதும் வரேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் மொட்டையடிக்கப் போகிற குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு வந்தது.

ஊரில் எல்லோரிடமும் என் மாமியாரான அத்தை, தன் பிள்ளை பின்னாலேயே போகிறான் என்று சொல்லி வைத்தாள். நான் தனியாகப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்த ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குடியிருப்பில் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. என் தெலுங்கைக் கேட்டுவிட்டு, சித்தூரா, அப்போ நீங்கள் தமிழ்க்காரர்கள் என்பார்கள். தமிழ்க்காரர்கள் வீட்டுக்குப் போனால், நான் பேசுகிற தமிழைக் கேட்டு ஆந்திராவா என்பார்கள். இரண்டு இடத்திலும் அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்காரர் எப்போது வருகிறார்? கொஞ்ச நாளில் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். காலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் போன் கார்டு போட்டு மாமாவைக் கூப்பிடுவேன். “துன்னியா?” என்பார். ஆச்சு என்பேன். அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்பேன். அதோடு போனை வைத்துவிடுவோம்.

சொன்னபடி கோடை லீவுக்கு வந்தார். முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நான் ஆபீஸ் போன நேரத்தில் லைப்ரரி வரை நடந்துவிட்டு வந்தார். என் துணிகளை இஸ்திரி போட்டு வைத்தார். ஒருநாள் தலைவலி என்று நான் சீக்கிரம் திரும்பினேன். கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. தபாலில் வந்த விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, தெலுங்கில் விளக்கினார். “அர்த்தமயிந்தா?”, புரிந்ததா என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார். கொஞ்சம் பொறுத்து, அடுத்த வரிக்குப் போனார்.

நான் சத்தமில்லாமல் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, வழக்கமாக வருகிற நேரத்துக்கு உள்ளே போனேன். தாள்கள் மேஜைமேல் இல்லை.

காலேஜ் திறக்கும் முன் அவர் கிளம்பினார். இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏர்போர்ட்டில், “ஊருக்கு எப்ப திரும்பி வரணும்னு நீதான் முடிவு பண்ணணும். நான் கேக்க மாட்டேன்” என்றார். அப்புறம் கேட்கவும் இல்லை.

என் விசா முடியும் தறுவாயில் கம்பெனி நீட்டித்துத் தருகிறேன் என்றது. யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். யோசனை சொல்ல அங்கே எனக்கு யாரும் இல்லை. வேண்டாம், சென்னைக்கே மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் கிடைக்காததைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டாயே என்று என் அம்மா அழுதாள். மாமா மட்டும், வந்துட்டியா என்றார். நல்லது என்றோ தப்பு என்றோ இன்றுவரை சொன்னதில்லை.

மறுபடியும் வெள்ளிக்கிழமை ரயில். முதல் சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது அவர் குக்கரை இறக்கியிருந்தார். திறந்து பார்த்தால் ஒரு ஆளுக்குத்தான் சோறு இருந்தது.

“கை பழக்கம். மறந்தே பூட்டேன்” என்றார்.

இன்னொரு தடவை வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்ததை இரண்டு தட்டில் பிரித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.